நினைக்குமுன் மூடும் இமை

(மாதாந்தர வேத ஆராய்ச்சிப் பாடம். வாசிக்க: சங்கீதம் 139:13-16, உபாகமம் 32:10, சகரியா 2:8)



பாடத்துக்குள் போகுமுன் ஒரு சின்னக் காரியம் செய்யுங்கள். பக்கத்தில் இருக்கிறவரைக் கூப்பிட்டு, உங்கள் முகத்துக்கு நேரே திடீரென்று கை தட்டச் சொல்லுங்கள். "நான் கண்ணை மூடவே மாட்டேன்" என்று தீர்மானம் பண்ணிக்கொண்டு உட்காருங்கள். என்ன ஆயிற்று? மூடிவிட்டீர்கள், அப்படித்தானே? தீர்மானம் எங்கே போயிற்று? வெட்கப்பட வேண்டாம். உலகத்திலே பெரிய பயில்வானுக்கும் அதுதான் நடக்கும். உங்கள் கண்ணைக் காக்கிற வேலையில் ஒரு பங்கு உங்கள் தீர்மானத்துக்கு விடப்படவே இல்லை. நீங்கள் யோசித்து முடிக்கட்டும் என்று காத்திருந்தால் கண் போய்விடும்.

இந்தப் பாடத்தை எழுத எனக்கு ஒரு காரணம் உண்டு. நான் செய்த ஒரு தவறு அது. அதை நாலாவது பகுதியில் மறைக்காமல் எழுதியிருக்கிறேன். எனக்கு வைத்தியப் படிப்பு கிடையாது. வேதாகமக் கல்லூரியில் டிப்ளமா மட்டுமே. அந்தத் தவறுக்குப் பிறகு டாக்டர்களிடம் கேட்டும், பள்ளிக்கூடத்து உயிரியல் பாடத்தைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மறுபடி படித்தும் தெரிந்துகொண்டதை உங்களுக்குத் தருகிறேன்.

1. கண்ணின் பாவை

கண்ணாடியில் உங்கள் கண்ணைக் கிட்டத்தில் பாருங்கள். நடுவிலே கறுப்பாக ஒரு வட்டம் தெரியும். அதைக் கண்மணி என்கிறோம். நம் முன்னோர் "பாவை" என்றும் சொன்னார்கள். பாவை என்றால் பொம்மை. ஏன் அந்தப் பெயர்? எதிரே நிற்கிறவருடைய கண்ணை உற்றுப் பார்த்தால், அதற்குள்ளே சின்னப் பொம்மை போல உங்கள் உருவமே தெரியும். உபாகமம் 32:10-இல் கண்மணி என்று வருகிற இடத்தில் எபிரெய மொழியில் உள்ள சொல்லுக்கும் "கண்ணுக்குள்ளே இருக்கிற சின்ன மனிதன்" என்பது போன்ற பொருள்தான். எங்கேயோ இருந்த எபிரெயரும், இங்கே இருந்த தமிழரும் ஒரே காட்சியைப் பார்த்து ஒரே மாதிரிப் பெயர் வைத்திருக்கிறார்கள். எத்தனை ஆச்சரியம்!

அந்தக் கறுப்பு வட்டம் உண்மையில் ஒரு துவாரம். வெளிச்சம் உள்ளே போகிற ஜன்னல். அதற்கு முன்னால், கைக்கடிகாரத்தின் மேல் கண்ணாடி இருப்பதுபோல, ஒரு தெளிவான மூடி இருக்கிறது. டாக்டர்கள் அதைக் கார்னியா என்கிறார்கள். நடுவிலே அதன் கனம் சுமார் அரை மில்லிமீட்டர். அதிலே இரத்தக் குழாய் கிடையாது. இருந்தால் வெளிச்சம் தடைப்படும். ஆனால் நரம்பு நுனிகளோ ஏராளம். விரல் நுனித் தோலைவிடப் பல மடங்கு நெருக்கமாக அங்கே நரம்புகள் பின்னிக் கிடக்கின்றன. அதனால்தான் கையில் விழுந்தால் தெரியாத ஒரு தூசி, கண்ணில் விழுந்தால் கல் விழுந்ததுபோலத் துடிக்கிறோம். சகரியா 2:8 கண்மணியைத் தொடுவதைப் பற்றிப் பேசுகிறது. தொட்டால் தாங்காத இடம் சரீரத்திலே அதுதான் என்று அன்றைக்கே ஜனங்களுக்குத் தெரிந்திருந்தது.

கண்ணுக்குப் பின்பக்கச் சுவரிலே விழித்திரை இருக்கிறது. அதிலே மங்கின வெளிச்சத்தில் பார்க்க சுமார் 12 கோடி அணுக்களும், பகலிலே நிறம் பார்க்க சுமார் 60 லட்சம் அணுக்களும் உண்டு. இத்தனையும் பார்த்த செய்தியைப் பார்வை நரம்பு மூளைக்குக் கொண்டுபோகிறது. இவ்வளவு விலையேறப்பெற்ற ஒன்றை வீட்டு வாசலிலே வைத்துவிட்டு, காவல் இல்லாமல் விடுவார்களா?

2. ராஜகிரி வாசற்காவலன்

நம்மில் அநேகர் செஞ்சிக்கோட்டை ராஜகிரி மலை ஏறியிருக்கிறோம். சுமார் 800 அடி உயரம். மூச்சு வாங்க ஏறி உச்சியை நெருங்கும்போது பாறையிலே ஆழமான ஒரு பிளவு வரும். அதைக் கடக்க ஒரு பாலம். பாலத்தை எடுத்துவிட்டால் எதிரி அந்தப் பக்கமே நிற்க வேண்டியதுதான்.

இப்போது சிந்தித்துப் பாருங்கள். கீழே எதிரி வருகிறான். வாசற்காவலன் என்ன செய்வான்? "ராஜா, எதிரி வருகிறான், கதவை மூடலாமா?" என்று கேட்க உச்சிக்கு ஓடி, ராஜா மந்திரியோடு ஆலோசித்து, உத்தரவு வாங்கிக்கொண்டு திரும்புவானா? அதற்குள் கோட்டை பிடிபட்டுப்போகும். புத்தியுள்ள காவலன் முதலில் கதவை மூடுவான். அப்புறம் ராஜாவுக்கு ஆள் அனுப்புவான்.

நம் சரீரத்திலே ராஜா மூளை. காவலன் தண்டுவடமும் மூளைத்தண்டும். காவலன் தானாகவே செய்கிற இந்த வேலைக்குப் பெயர் அனிச்சைச் செயல். இச்சை என்றால் விருப்பம். நம் விருப்பத்தைக் கேட்காமல் நடப்பது அனிச்சை.

சகோதரிகளுக்குத் தெரிந்த உதாரணம் தோசைக்கல். கை பட்டவுடனே வெடுக்கென்று இழுத்துக்கொள்கிறீர்கள். "ஸ்... சுட்டிடுச்சே" என்று சொல்லுவது அதற்குப் பிறகுதான். ஏன்? சூடு பட்ட செய்தி தோலிலிருந்து நரம்பு வழியாய் முதுகுத் தண்டுவடத்துக்குப் போகிறது. அங்கேயே "கையை இழு" என்று உத்தரவு பிறந்து, இன்னொரு நரம்பு வழியாய்த் தசைக்கு வந்துவிடுகிறது. மூளைக்குத் தகவல் பின்னாலே போய்ச் சேருகிறது. அதற்கும் பின்னாலே காந்துகிற வலி வருகிறது. தசையை அசைக்கிற பெரிய நரம்பில் செய்தி வினாடிக்கு 50 மீட்டருக்கு மேலேயே ஓடும். காந்தல் வலியைக் கொண்டுபோகிற மெல்லிய நரம்பிலோ வினாடிக்கு ஒரு மீட்டர் அளவில்தான் நடக்கும்.

கண்ணிலும் இதே ஏற்பாடுதான். ஆனால் காவலன் இருக்கிற இடம் தண்டுவடம் இல்லை. மூளைக்கு அடியிலே இருக்கிற மூளைத்தண்டு. மூளையிலிருந்து தலைக்கும் முகத்துக்கும் வருகிற நரம்புகள் 12 ஜோடி. அவற்றில் இரண்டை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கார்னியாவில் எது பட்டாலும் செய்தி கொண்டுபோகிறது 5ஆம் நரம்பு. இது தூதுவன். இமையை மூடச் சொல்லித் தசைக்கு உத்தரவு கொண்டுவருகிறது 7ஆம் நரம்பு. இது கதவை மூடுகிறவன். பட்டது முதல் இமை மூடுவது வரை ஒரு வினாடியின் பத்தில் ஒரு பங்குகூட ஆவதில்லை. ஒரு கண்ணில் பட்டாலும் இரண்டு கண்ணும் சேர்ந்தே மூடும். ஒரு வாசலில் எதிரி வந்தால் எல்லா வாசலையும் மூடுகிற காவல் அது.

வெங்காயம் நறுக்கும்போது கண்ணீர் வருகிறதே, அந்தச் செய்தியைக் கொண்டுபோவதும் இதே 5ஆம் நரம்புதான். உறுத்துகிறதைக் கழுவிவிடத் தண்ணீர் ஊற்றச் சொல்லுகிறது.

இதல்லாமல் சும்மா இருக்கும்போதும் நிமிஷத்துக்குச் சுமார் 15 தடவை இமைக்கிறோம். விழித்திருக்கிற 16 மணி நேரத்துக்குக் கணக்குப் போட்டால் 14,000 தடவைக்கு மேல் வருகிறது. ஒவ்வொரு தடவையும் கண்ணீர் என்கிற தண்ணீரால் கண்ணாடி துடைக்கப்படுகிறது. நம் தமிழ் இலக்கணத்திலே குறில் எழுத்துக்கு ஒரு மாத்திரை என்று படித்தோமே, அந்த ஒரு மாத்திரை என்பதே கண்ணிமைக்கிற நேரம்தான். காலத்தை அளக்க நம் முன்னோருக்குக் கிடைத்த கடிகாரம் இமை!

பச்சைக் குழந்தையைக் கவனித்திருக்கிறீர்களா? பிறந்த அன்றைக்கே அதன் கண்ணில் ஏதாவது பட்டால் மூடிவிடும். ஆனால் முகத்துக்கு முன்னால் கையை வீசிப் பயம் காட்டினால் இமைக்காது. அந்த இமைப்புக்குச் சில மாதங்கள் ஆகும். தொட்டால் மூடுவது மூளைத்தண்டின் வேலை. அது பிறக்கும்போதே தயார். பார்த்துப் பயந்து மூடுவதற்கோ ராஜாவும் கொஞ்சம் பழக வேண்டியிருக்கிறது.

3. வீட்டிலேயே பார்க்க மூன்று காரியங்கள்

முதலாவது, வெளிச்சம். சாயங்காலம் அறையை மங்கலாக வைத்து, பிள்ளையின் ஒரு கண்ணுக்குப் பக்கவாட்டில் டார்ச் லைட்டைக் கண நேரம் காட்டுங்கள். கண்மணி உடனே சுருங்கும். இன்னொரு கண்ணையும் கவனியுங்கள். வெளிச்சம் படாத அந்தக் கண்மணியும் சேர்ந்து சுருங்கும். நன்றாய் விரிந்தால் சுமார் 8 மில்லிமீட்டர், நன்றாய்ச் சுருங்கினால் சுமார் 2 மில்லிமீட்டர். விபத்தில் மயங்கிக் கிடக்கிறவரிடம் டாக்டர் முதலில் டார்ச் அடித்துப் பார்ப்பது இதற்காகத்தான். ஆள் பேசாவிட்டாலும் அவருடைய மூளைத்தண்டு பதில் சொல்லுகிறதா என்று கேட்கிறார்.

இரண்டாவது, இருட்டு. நம் சீயமங்கலத்துக் குடைவரையை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். 7ஆம் நூற்றாண்டிலே பல்லவ ராஜா மகேந்திரவர்மன் பாறையைக் குடைந்து செய்தது. சித்திரை வெயிலில் நின்றுவிட்டு அதற்குள்ளே காலை வைத்தால் முதலில் ஒன்றும் தெரியாது. தூண் எங்கே, சுவர் எங்கே என்று தடவுவோம். கண்மணி சில வினாடிகளிலே விரிந்துவிடும். ஆனால் விழித்திரை இருட்டுக்கு முழுவதும் பழக 20 முதல் 30 நிமிஷம் ஆகும். சீக்கிரம் செய்கிற காவலன் ஒருவன், மெதுவாய்ச் செய்கிறவன் ஒருவன், இருவரும் வேண்டும். ராத்திரி சைக்கிளில் வருகிறவர்கள் எதிரே லாரி வெளிச்சம் அடித்துப் போன பின்பு கொஞ்ச நேரம் வண்டியை ஓரம் கட்டுங்கள் என்று நான் சொல்லுவது இதனால்தான்.

மூன்றாவது, அசைவு. உங்கள் உள்ளங்கை ரேகையைப் பாருங்கள். கையை வேகமாய் இப்படியும் அப்படியும் ஆட்டுங்கள். ரேகை தெரியாமல் கலங்கிப்போகும். இப்போது கையை அசைக்காமல், அதே வேகத்தில் தலையை ஆட்டிக்கொண்டே பாருங்கள். ரேகை தெளிவாய்த் தெரிகிறது அல்லவா? உள்காதிலே தலையின் அசைவை அளக்கிற கருவி இருக்கிறது. தலை வலப்பக்கம் திரும்பினால் அந்தக் கணமே கண்ணை இடப்பக்கம் திருப்பச் சொல்லிச் செய்தி போய்விடும். இது இல்லாவிட்டால் குண்டும் குழியுமான நம் ஊர் ரோட்டில் பஸ்ஸில் போகிறவர் எதிரே வருகிற மாமனார் முகத்தைக்கூட அடையாளம் காண முடியாது!

4. நான் செய்த தவறு

இப்போது காரியத்துக்கு வருகிறேன்.

சில வருஷங்களுக்கு முன்பு நம் ஜெபக்கூட்டத்துக்கு ஒழுங்காய் வருகிற ஒரு சகோதரர் (அவர் அனுமதி கொடுத்தபடியால் எழுதுகிறேன், பேர் வேண்டாம்) கரும்பு வெட்டப் போன இடத்தில் சோகை இடது கண்ணிலே கீறிவிட்டது என்று வந்தார். கண் சிவந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. ஜெபித்து அனுப்பினேன். மறு ஞாயிறு வந்தார். "எப்படி இருக்கு?" என்று கேட்டேன். "வலியே இல்லைங்க ஐயா" என்றார். எனக்கு அவ்வளவு சந்தோஷம். சபையிலே எழுப்பிச் சாட்சி சொல்ல வைத்தேன். எல்லாரும் கைதட்டி மகிமைப்படுத்தினோம். கண் இன்னும் சிவப்பாய்த்தான் இருந்தது. நான் கவனித்தேன். ஆனாலும் வலி இல்லை என்கிறாரே, ஆறிவிடும் என்று விட்டுவிட்டேன்.

மூன்று வாரம் போனது. ஒரு நாள் அவர் சம்சாரம் வீட்டுக்கு வந்து தயங்கித் தயங்கிச் சொன்னார்கள்: "ஐயா, ராத்திரியிலே அவரு தூங்கும்போது அந்த ஒரு கண்ணு தெறந்தே கெடக்குது. ஈ உட்கார்ந்தாக்கூட இமைக்கல. எனக்குப் பயமா இருக்குது."

அடுத்த நாள் காலை பஸ்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டரம்மா பஞ்சை நூல்போலத் திரித்து, அந்த நுனியால் அவர் கார்னியாவை லேசாய்த் தொட்டார்கள். இமை அசையவே இல்லை. "ஏதாவது தெரியுதா?" என்று கேட்டார்கள். "இல்லைங்க" என்றார். வலது கண்ணைத் தொட்டார்கள், பட்டென்று மூடியது. அப்புறம் சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். முதுகிலே நிறம் மங்கின ஒரு தேமல். பேனா முனையால் தொட்டால் அங்கேயும் உணர்ச்சி இல்லை.

தொழுநோய். இடது கண்ணின் தூதுவனும் செத்துப்போயிருந்தான், கதவை மூடுகிறவனும் தளர்ந்துபோயிருந்தான். கார்னியாவிலே புண் ஆழமாய் இறங்கியிருந்தது. கடைசியில் அந்தக் கண்ணிலே பூ விழுந்துவிட்டது. வெளிச்சம் மட்டும் தெரியும். வலது கண் தப்பியது.

திரும்பி வரும்போது பஸ்ஸிலே எனக்குப் பேச்சு வரவில்லை. வலி போனதை நான் சுகம் என்று சபையிலே அறிவித்தேன். உண்மையில் என்ன நடந்தது? எதிரி உள்ளே வந்துவிட்டான், காவலன் சத்தம் போடவில்லை, அவ்வளவுதான். கோட்டையிலே அமைதியாய் இருக்கிறது என்று நான் கொட்டு அடித்தேன். அந்தச் சகோதரர் என்மேல் கோபப்படவில்லை. "நீங்கதானேய்யா கூட்டிக்கிட்டுப் போனீங்க" என்கிறார். அது எனக்கு இன்னும் பாரமாய் இருக்கிறது.

5. வேலூரில் தெரிந்துகொண்ட பாடம்

இந்தக் காரியத்தை உலகத்துக்கே விளங்கவைத்தவர்களில் முக்கியமானவர் நம் தமிழ்நாட்டில் பிறந்த ஒருவர் என்று பிறகுதான் அறிந்தேன். டாக்டர் பால் பிராண்ட், 1914இல் கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராய் வந்தார். செங்கல்பட்டுத் தொழுநோய் ஆஸ்பத்திரியைப் பார்க்கப் போனபோது, விரல்கள் மடங்கிக் குறுகிப்போன கைகளைக் கண்டார். அந்நாட்களில் டாக்டர்களே "நோய் விரலைத் தின்றுவிடுகிறது" என்று நம்பினார்கள். அவரும் கூட இருந்தவர்களும் பொறுமையாய் ஆராய்ந்து வேறொன்றைக் கண்டார்கள். நோய் கெடுப்பது நரம்பை. வலி தெரியாததால் அந்த மனிதர் சூடான பாத்திரத்தைப் பிடிக்கிறார், முள்ளின்மேல் நடக்கிறார், புண்ணின்மேலேயே நாள் முழுவதும் வேலை செய்கிறார். விரல் அப்படித்தான் போகிறது. சிலருடைய விரல் காலையில் எழுந்தபோது காணாமல் போனது. இரவில் எலி கடித்ததுகூட அவர்களுக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு நோயாளிகள் வீட்டுக்குப் போகும்போது பூனை கொடுத்து அனுப்பினார்களாம்.

அவருடைய மனைவி டாக்டர் மார்கரெட் பிராண்ட் கண் வைத்தியத்தில் இறங்கி, தொழுநோயாளிகளின் கண்களுக்காகவே உழைத்தார். 1955இல் ஆரம்பித்த காரிகிரி ஆஸ்பத்திரி இந்த வேலைக்குப் பேர்பெற்ற இடமாயிற்று. தொழுநோய்க் கிருமி சரீரத்தில் குளிர்ச்சியான பாகங்களை விரும்பும். மூக்கு, காது, கை, கால், கண்ணின் முன்பாகம் ஆகியவற்றைப் பிடிப்பது அதனால்தான். 7ஆம் நரம்பின் கிளை கெட்டால் இமை மூடாது. 5ஆம் நரம்பு கெட்டால் தூசி விழுந்தது தெரியாது. இமைக்காத கண் காய்ந்து, புண்ணாகி, குருடாகிறது. கிருமி நேராய்க் கண்ணைக் குத்தாவிட்டாலும், இமைக்காததே கண்ணைக் கெடுத்துவிடும்.

அதற்கு ஒரு அறுவைச் சிகிச்சையும் உண்டு, கேளுங்கள். நெற்றிப்பொட்டுக்குப் பக்கத்தில் கையை வைத்துப் பல்லைக் கடித்துப் பாருங்கள், ஒரு தசை புடைக்கும். மெல்லுவதற்கான தசை அது. அதை அசைப்பது 5ஆம் நரம்பின் வேறொரு கிளை; இந்த நோயில் பெரும்பாலும் அது தப்பிவிடும். அந்தத் தசையில் ஒரு கீற்றை எடுத்து, தோலுக்கு அடியிலே கொண்டுபோய் இமையோடு இணைத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு பல்லைக் கடித்தால் இமை மூடும். சாப்பிடும்போது ஒவ்வொரு மெல்லுக்கும் கண் இமைக்கும். மற்ற நேரத்தில் அவர் ஞாபகம் வைத்துக்கொண்டு பல்லைக் கடிக்க வேண்டும். நாம் நாளைக்கு 14,000 தடவை நினைக்காமலே செய்கிறதை, அந்த மனிதர் ஒவ்வொரு தடவையும் நினைத்துச் செய்கிறார். இனிமேல் இமைக்கும்போது அதை எண்ணி நன்றி சொல்லுங்கள்.

வேதத்தில் குஷ்டம் என்று வாசிப்பது இந்த நோயேதானா என்று சிலர் கேட்பீர்கள். லேவியராகமம் 13, 14 அதிகாரங்களில் வஸ்திரத்திலும் வீட்டுச் சுவரிலும் குஷ்டம் வருகிறதாய் இருக்கிறது. ஆகவே அந்தச் சொல் பலவிதமான படைகளுக்குப் பொதுவான சொல். அதைக் காட்டி இன்றைக்கு ஒரு நோயாளியைத் தள்ளிவைக்க யாருக்கும் அதிகாரம் இல்லை. 1873இல் நார்வே தேசத்து டாக்டர் ஹான்சன் இது கிருமியால் வருகிறதென்று கண்டார். இன்றைக்குக் கூட்டு மருந்து 6 மாதம் அல்லது 12 மாதம் சாப்பிட்டால் தீரும். அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். மருந்து ஆரம்பித்த கொஞ்ச நாளிலேயே மற்றவருக்குப் பரவுவது நின்றுவிடும். 2005 முடிவில் இந்தியாவில் இந்நோய் பத்தாயிரத்துக்கு ஒருவருக்கும் குறைவு என்ற நிலை வந்தது. ஆனாலும் 2022இல்கூட நம் தேசத்தில் புதிதாய் ஒரு லட்சம் பேருக்கு மேல் கண்டுபிடிக்கப்பட்டார்கள். போய்விட்ட நோய் என்று எண்ண வேண்டாம்.

6. நாம் செய்ய வேண்டியது என்ன?

அ) கண்ணாடி முன்பு நின்று, தூங்குவதுபோல லேசாய்க் கண்ணை மூடச் சொல்லி வீட்டார் ஒருவரையொருவர் பாருங்கள். இமைகளுக்கு நடுவே வெள்ளை தெரிந்தால் டாக்டரிடம் போங்கள். தூங்குகிறவர் கண் திறந்திருக்கிறதா என்று வீட்டில் உள்ளவர்களுக்குத்தான் தெரியும். அந்தச் சகோதரி தயங்காமல் முதல் வாரமே சொல்லியிருந்தால்! நான் அன்றைக்கே கேட்டிருந்தால்! பஞ்சால் கண்ணைத் தொடுகிற சோதனையை மட்டும் வீட்டில் செய்ய வேண்டாம். அது டாக்டர் வேலை.

ஆ) திடீரென்று வாய் ஒரு பக்கம் கோணி, அந்தப் பக்கத்துக் கண் மூடாமல் போனால் "காற்று பட்டுவிட்டது", "யாரோ ஏவிவிட்டார்கள்" என்று அலைய வேண்டாம். பெரும்பாலும் 7ஆம் நரம்பின் வீக்கம் அது. பக்கவாதமாகவும் இருக்கலாம், டாக்டர்தான் பிரித்துச் சொல்ல முடியும். கை காலும் சேர்ந்து தளர்ந்தாலோ பேச்சுக் குழறினாலோ ஒரு நிமிஷமும் தாமதிக்காதீர்கள். குணமாகும் வரை மூடாத கண்ணைக் காயவிடாமல் காக்க வேண்டும்.

இ) நெற்றியிலும் மூக்கு நுனியிலும் அக்கி கண்டால், காவி குழைத்து அக்கி எழுதிவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள். அது 5ஆம் நரம்பின் வழியாய் வருகிறது. கண்ணுக்குள்ளும் இறங்கி உணர்ச்சியைக் கெடுத்துவிடும். முதல் மூன்று நாளுக்குள் மருந்து ஆரம்பித்தால் நல்லது.

ஈ) சர்க்கரை வியாதி உள்ளவர்களே, உங்களுக்கும் இந்தப் பாடம். காலிலே உணர்ச்சி குறைவது தெரியாமலே குறையும். செருப்பில் ஆணி ஏறியது தெரியாமல் நடந்து வந்தவரை நாம் பார்த்திருக்கிறோம். தினமும் ராத்திரி பாதத்தைக் கண்ணால் பாருங்கள். காவலன் சொல்லாததைக் கண் சொல்லட்டும்.

உ) களத்தில் நெல் தூற்றும்போதும், மல்லாட்டை அடிக்கும்போதும், கரும்பு வெட்டும்போதும் கண்ணில் ஏதாவது அடித்தால் சுத்தமான தண்ணீரில் கழுவுங்கள், கசக்காதீர்கள். தாய்ப்பால், இலைச்சாறு, விளக்கெண்ணெய் எதுவும் விட வேண்டாம். கடையில் கேட்டு வாங்குகிற சொட்டு மருந்தும் வேண்டாம். சிலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும், பூஞ்சைப் புண்ணை அது தீயாய் வளர்க்கும். 1993ஆம் வருஷத்துக்கு மதுரை மாவட்டத்தில் எடுத்த கணக்கில், லட்சம் பேருக்கு 113 பேர் கார்னியாப் புண்ணால் பாதிக்கப்பட்டார்கள் என்று தெரிந்தது. வயல் வேலை செய்கிற நம் ஜனங்களின் கணக்கு அது.

ஊ) தோலில் உணர்ச்சியில்லாத தேமல் இருந்தால் மறைக்க வேண்டாம். நரம்பு கெட ஆரம்பித்த முதல் 6 மாதத்துக்குள் பிடித்துவிட்டால், பலருக்கு உணர்ச்சியைத் திரும்பப் பெற வழி உண்டு.

7. முடிவாக

பிரியமானவர்களே, வலி வந்தால் அதைச் சத்துருவாகவே எண்ணிப் பழகிவிட்டோம். ஜெபத்தில் முதல் விண்ணப்பமே வலி போக வேண்டும் என்பதுதான். அது தவறில்லை. ஆனாலும் வலி என்பது கோட்டை வாசலில் சத்தமிடுகிற காவலன். அவன் சத்தம் நின்றால் இரண்டு காரணம் இருக்கலாம்: எதிரி ஓடிப்போயிருக்கலாம், அல்லது காவலன் விழுந்துபோயிருக்கலாம். எது என்று போய்ப் பார்க்காமல் கொட்டு அடிக்கக்கூடாது.

அன்றுமுதல் நம் சபையிலே ஒரு ஒழுங்கு வைத்திருக்கிறேன். சுகமானேன் என்று சாட்சி சொல்ல வருகிறவரிடம், "டாக்டரிடம் காட்டினீர்களா?" என்று கேட்கிறேன். விசுவாசக் குறைவு என்று ஒருசிலர் முறுமுறுத்தார்கள். நான் பதில் பேசவில்லை. முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற அந்தச் சகோதரரின் இடது கண்ணைப் பார்த்துக்கொண்டேன்.

இப்போது அவர் வெயிலில் போகும்போது கறுப்புக் கண்ணாடி போடுகிறார். ராத்திரி அவர் சம்சாரம் இடது கண்ணின்மேல் சுத்தமான துணியை மடித்துக் கட்டிவிடுகிறார்கள். நரம்பு செய்யாத வேலையை ஒரு கை செய்கிறது. கண்ணை இமை காப்பதுபோலக் காப்பது என்று நாம் சும்மா பேச்சுக்குச் சொல்லுகிறோம்; அந்த வீட்டில் அது தினமும் ராத்திரி நடக்கிற வேலை. நாமும் ஒருவருக்கொருவர் இமையாக இருப்போமாக. ஆமென்.

வீட்டுக்கூட்டத்தில் பேச:

1. கண்ணில் தூசி பட்டதும் செய்தி கொண்டுபோகிற நரம்பு எது? இமையை மூடுகிற நரம்பு எது?

2. 7ஆம் நரம்பு கெட்டவரைவிட 5ஆம் நரம்பு கெட்டவருக்கு ஏன் ஆபத்து தெரிய வருவது தாமதமாகும்?

3. உங்கள் வீட்டில் வயதானவர்கள், சர்க்கரை உள்ளவர்கள் யார் யார்? அவர்கள் பாதத்தையும் கண்ணையும் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?

4. "வலி இல்லை" என்று ஒருவர் சொல்லும்போது, சந்தோஷப்படுவதற்கு முன்பு நாம் கேட்க வேண்டிய அடுத்த கேள்வி என்ன?